கப்பலின் நடுவயிறு

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், விஷயம் கொஞ்சம் நீளம். கப்பலுக்குள் பூங்கா வைத்திருக்கிறார்களாமே, நிஜமா என்று கேட்டீர்கள். நிஜம்தான். 2009 டிசம்பரில் முதல் பயணம் போன 'ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்' கப்பலின் எட்டாவது தளத்தில், திறந்த வானத்தின் கீழ், 12,000-க்கும் மேற்பட்ட செடிகொடிகளோடு ஒரு பூங்கா இருக்கிறது. 'சென்ட்ரல் பார்க்' என்று பெயர். அழகுக்காக வைத்தார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அதன் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கு இருக்கிறது.

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். இந்தக் கப்பல் 2,25,000 டன்னுக்கும் மேல் என்று போட்டிருப்பார்கள். அது எடை இல்லை. கப்பலுக்குள் மூடிய இடம் எவ்வளவு என்பதற்கான கணக்கு. கிராஸ் டன் என்பார்கள். 2022-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து சுற்றுலாப் பயணிகளோடு புறப்பட்டதே, 'எம்ப்ரஸ்' என்ற கப்பல், அது 48,500 டன் சொச்சம். ஏறக்குறைய டைட்டானிக் அளவு. அந்த எம்ப்ரஸும் ஒரு காலத்தில் ஒயாசிஸை நடத்தும் ராயல் கரீபியன் கம்பெனியிடம்தான் இருந்தது. அதைப்போல நாலரை மடங்கு இடம் ஒயாசிஸுக்குள்ளே இருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். சொகுசுக் கப்பலில் காசு ஜன்னலுக்குத்தான். கட்டில், குளியலறை, சாப்பாடு எல்லாம் அநேகமாக ஒன்றே. ஜன்னல் வைத்த கேபினுக்கு ஒரு விலை, பால்கனி வைத்ததற்கு அதைவிடக் கூடுதல் விலை. ஜன்னல் இல்லாததை 'இன்டீரியர்' என்று மரியாதையாகச் சொல்லிக் குறைந்த விலைக்குத் தள்ளுவார்கள். கப்பலை எவ்வளவு அகலமாகக் கட்டினாலும் கடல் பக்கம் இரண்டுதான். ஒயாசிஸ் நீர்மட்டத்திலேயே 47 மீட்டர் அகலம். அகலம் கூடக் கூட, வெளிச்சமே எட்டாத நடுவயிறுதான் பெருக்கிறது. அங்கே நாடக அரங்கு, சமையல்கூடம், கடைகள் என்று வைக்கலாம்தான், ஆனால் எத்தனை வைப்பது?

இதற்கு வழி பின்லாந்தில் பிறந்தது. துர்கு நகரில் கட்டி 1990-இல் ஓடத் தொடங்கிய 'சில்யா செரினேட்', ஹெல்சிங்கிக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் இடையே போகும் கப்பல். அதன் நடுவே முன்னும் பின்னுமாக ஒரு கடைத்தெருவையே ஓட்டி, மேலே கண்ணாடிக் கூரை போட்டார்கள். உள்பக்கத்துக் கேபின்களுக்கு அந்தத் தெருவைப் பார்த்து ஜன்னல் வைத்தார்கள். பால்டிக் குளிர்காலத்தில் சாயங்காலமே இருட்டிவிடும், கடலில் பார்க்க ஒன்றும் இராது. அதைவிடத் தெரு மேல். 1999-இல் ராயல் கரீபியன் அதே துர்குவில் 'வாயேஜர் ஆஃப் தி சீஸ்' கப்பலைக் கட்டி, இதே தெருவைக் கரீபியனுக்குக் கொண்டுபோனது. கூடவே ஒரு பனிச்சறுக்கு அரங்கும். வெயில் காயப் போகிறவர்களுக்குப் பனி எதற்கு என்று கேட்காதீர்கள், அது கூட்டம் சேர்த்தது.

ஒயாசிஸில் அந்தக் கூரையையும் எடுத்துவிட்டார்கள். செட்டிநாட்டு வீட்டு முற்றம் மாதிரி நடுவே வானத்துக்குத் திறப்பு விட்டு, இரண்டு பக்கமும் அறைகளை அடுக்கினார்கள். விற்க முடியாமல் கிடந்த உள்பக்கம் இப்போது பூங்கா பார்த்த பால்கனி! முற்றத்தின் தரைதான் அந்த எட்டாம் தளத்துப் பூங்கா. அதற்குக் கீழே ஐந்தாம் தளத்தில் கடைத்தெரு. பூங்காவின் தரையில் பதித்த கண்ணாடி வழியாக அங்கேயும் வெளிச்சம் இறங்குகிறது. தெருவுக்கும் பூங்காவுக்கும் இடையே ஒரு மதுக்கூடம், ஆட்கள் குடித்துக்கொண்டிருக்கும்போதே, லிஃப்ட் போல மெதுவாக ஏறி இறங்கும். பின்முனையில் குடைராட்டினம், அதைத் தாண்டித் தண்ணீரில் குதித்து வித்தை காட்டும் அரங்கு. நீச்சல் குளங்கள், சாப்பாட்டுக் கூடங்கள் எல்லாம் மற்றக் கப்பல்களிலும் உண்டு, விட்டுவிடுவோம்.

கேபின்கள் கப்பலுக்குள் கட்டப்படுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. துர்கு பக்கத்தில் பீக்கியோ என்ற ஊரில் தொழிற்சாலை இருக்கிறது. குளியலறை உட்பட முழு அறையையும் அங்கே பெட்டியாகச் செய்து, கொண்டுவந்து கப்பலுக்குள் தள்ளிப் பொருத்துகிறார்கள்.

இவ்வளவு உயரம் கவிழாதா? நீருக்குமேல் 72 மீட்டர், நீருக்குள் ஒன்பது மீட்டர் சொச்சம்தான். ஆனால் எஞ்சின், எரிபொருள், தண்ணீர் எனக் கனமானவை எல்லாம் அடியில் இருக்கின்றன, அடிப்பாகமும் அகலம். அந்த உயரம் தகராறு செய்தது வேறு இடத்தில். துர்குவில் கட்டி முடித்த கப்பல் பால்டிக்கை விட்டு வெளியேற டென்மார்க்கில் ஒரு பாலத்தைக் கடக்க வேண்டும். அதற்கடியில் 65 மீட்டர்தான் இடைவெளி. அதற்காகவே புகைபோக்கிகளை உள்ளே இழுக்கும்படி செய்திருந்தார்கள். வேகமாகப் போனால் கப்பல் நீரில் சற்றுத் தாழும் என்பதால் வேகத்தோடு கடந்தார்கள்.

பயணிகள் பார்க்காத கப்பலும் ஒன்று உண்டு. கீழ்த்தளத்தில் ஊழியர்களுக்கென நீண்ட நடைவழி. அமெரிக்க நெடுஞ்சாலையின் பெயரால் அதை 'ஐ-95' என்பார்கள். காய்கறி, துணிமூட்டை, குப்பை, ஆட்கள் எல்லாம் அந்த வழியே போகும். ஏறத்தாழ 2,000 ஊழியர்கள். மேலே பால்கனிக்குக் கணக்குப் பார்த்தவர்கள் இவர்களுக்கு ஜன்னல் பார்த்துக் கொடுத்ததாகத் தெரியவில்லை. பெரும்பாலோர் பகிர்ந்துகொள்ளும் சின்ன அறைகளில்தான் படுக்கிறார்கள்.

கெட்டிக்காரத்தனமான கட்டுமானம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கடலில் போய்க் கடலுக்கு முதுகு காட்டும் கட்டுமானம். நீங்கள் எப்போதாவது இதில் டிக்கெட் எடுத்தால், பால்கனி என்ற சொல்லைப் பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். அது பார்ப்பது கடலையா பூங்காவையா என்று கேளுங்கள். பூங்கா என்றால் ஜன்னல் திரையை மறக்காமல் மூடுங்கள், எதிரே பால்கனியில் ஆள் இருப்பார்.