கூட்டாற்றுக்குப் போக நாள் பார்ப்பது

வெள்ளகோவிலில் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால் அது பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) வாய்க்காலில் போய்த்தான் நிற்கும். கடைமடைக்கு எத்தனை நாள் விடுவார்கள், மேலேயே எவ்வளவு எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் கவலை. பக்கத்திலிருக்கும் வட்டமலைக்கரை ஓடை அணை கால் நூற்றாண்டுக்கு மேல் காய்ந்து கிடந்து, 2021-இல்தான் மறுபடி தண்ணீரைப் பார்த்தது. இப்படிப்பட்ட ஊரின் இளவட்டங்கள், தறி ஓடாத நாளில் முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஆற்றோரமாகக் காட்டுக்குள் நடக்க ஆசைப்படுவதில் அதிசயம் இல்லை.

அதற்கு இமயமலைக்குப் போக வேண்டியதில்லை. தாராபுரம், உடுமலை, ஒன்பதாறு செக்போஸ்ட் என்று மூணாறு சாலையில் போனால், மாநில எல்லையில் சின்னாறு. அங்கிருந்து காட்டுவழியில் நடந்தால் கூட்டாறு. மூணாறு மலைகளிலிருந்து வரும் பாம்பாறும் மற்ற ஆறுகளும் கூடி அமராவதியாவது இந்தப் பக்கத்தில்தான். தாராபுரம் பாலத்தில் நின்று நாம் பார்க்கிற ஆறு அதுவே.

2024 அக்டோபரில் தமிழக வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் சின்னாறு–கூட்டாறும் ஒன்று. இணையத்தில் பதிவு செய்துகொண்டால் வழிகாட்டி கூடவே வருவார். காலையில் போய் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். ஆற்றங்கரையில் கூடாரம், நெருப்பு மூட்டிப் பாட்டு என்கிற சினிமாக் கற்பனையெல்லாம் இந்தப் பாதை இருக்கும் ஆனைமலை புலிகள் காப்பகத்தில் நடக்காது. இரவு தங்கியே தீரவேண்டும் என்பவர்கள், எல்லைக்கு அப்பால் சின்னாறு சரணாலயத்தில் கேரள வனத்துறை நடத்தும் மரக்குடில்களுக்கு முன்பதிவு செய்யலாம்.

பை, ஷூ எல்லாம் அப்புறம். முதலில் காலண்டரை எடுங்கள். பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீக் காலம் என்பதால் பாதைகளை மூடிவிடுகிறார்கள். காரணம் நமக்குத் தெரிந்ததுதான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பற்றிய தீ, மலையேறப் போன 23 பேரின் உயிரைக் கொண்டுபோனது. சென்னைக் குழுவோடு ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து ஆட்களும் அதில் இருந்தார்கள். மலையேற்றத்துக்கு அரசு தனி விதிமுறை கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். எனவே அனுமதிச் சீட்டை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களோடு பயணம் போவதை நான் தவிர்த்துவிடுவேன்.

அடுத்தது மழை. சின்னாறு மழைமறைவுப் பகுதி. முள்மரமும் கள்ளியுமாக ஏறக்குறைய நம்மூர் மேய்ச்சல் காடு மாதிரியே இருக்கும். தென்மேற்குப் பருவமழை அங்கே பெரிதாகப் பெய்வதில்லை. ஆனால் மறையூர், காந்தளூர் பக்கம் பெய்தால் ஆறு மட்டும் திடீரென்று ஏறும். தலைக்கு மேல் வானம் வெளுத்துக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை போவதே என் யோசனை. தீபாவளி போனஸ் கையிலிருக்கும்போது கிளம்பத்தான் எல்லோருக்கும் மனம் வரும், ஆனால் அது அடைமழைக் காலம்.

ஆற்றைக் கண்டால் இறங்கிக் குளிப்பது நம் குணம். இங்கே அது ஆகாது. அமராவதி அணையிலும் அதற்கு வரும் ஆறுகளிலும் நன்னீர் முதலைகள் உண்டு. யானை, காட்டெருமைகள் தண்ணீருக்கு இறங்கும் நேரமும் வழிகாட்டிக்குத்தான் தெரியும்.

துணிமணிக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. பருத்தி பனியன் வியர்வையைக் குடித்துக் கனக்கும். திருப்பூர் காதர்பேட்டையில் கிடைக்கும் பாலியஸ்டர் சர்ப்ளஸ் டி-ஷர்ட் போதும். மண் நிறம், இலை நிறமாகப் பாருங்கள். தண்ணீரைத் தாராளமாக, தூக்கிக் குடிக்கும் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாம் பொழுதுபோக்காகப் போகிற இந்தக் காட்டில் தளிஞ்சி மலைவாழ் மக்களுக்கு அன்றாடப் பிழைப்பு இருக்கிறது. ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவர்கள் கூட்டாற்றைக் கடந்தாக வேண்டும். வெள்ளம் வந்தால் ஊரே அக்கரையில் மாட்டிக்கொள்ளும். பாலம் வேண்டும் என்று பல காலமாகக் கேட்டு வருகிறார்கள். வழிகாட்டி "இன்னைக்கு ஆறு சரியில்லைங்க" என்றால், கட்டிய பணத்தைச் சொல்லி வாதாடாதீர்கள். அமராவதி நகர் முதலைப் பண்ணையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, உடுமலையில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.