ஈரலும் புத்தியும்

கல்லீரல் சுருங்கிப் பழுதானவர்களுக்கு வயிற்றில் நீர் கோக்கும், கால் வீங்கும், கண் மஞ்சளிக்கும் என்பதை அநேகர் அறிவோம். புத்தியும் கலங்கும் என்பதைத்தான் அறியோம்.

என் நண்பரான உபாத்தியாயர் ஒருவர் பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருந்தார். முத்து முத்தான அவர் கையெழுத்து மூன்று வாரத்தில் கோழிக் கிறுக்கலாயிற்று. மனைவி மக்களைக் காரணமின்றி வைதார். "குடிக்கிறார்" என்றார்கள் சிலர். "பேய் பிடித்திருக்கிறது" என்றார்கள் வேறு சிலர். மனிதரோ ஆயுளில் கள்ளைத் தொட்டறியாதவர். காமாலைக் கிருமி அவர் ஈரலைக் கெடுத்திருந்தது. கைகளை நீட்டச் சொல்லி, மணிக்கட்டுகள் பறவையின் சிறகைப்போல் அடித்துக்கொள்வதைக் கண்ட டாக்டர்தான் உண்மையைச் சொன்னார்.

ஈரலுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? குடலில் வாழும் கிருமிகள் ஆகாரத்திலுள்ள புரதத்திலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. நல்ல ஈரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் கழியவிடும். ஈரல் கெட்டால் நஞ்சு மூளைக்கு ஏறுகிறது. 1893-ம் வருஷத்தில் ருஷ்யாவில் பாவ்லோவும் அவர் தோழர்களும், குடல் ரத்தம் ஈரலுக்குப் போகாதபடி வழி திருப்பிய நாய்களுக்கு மாமிசம் கொடுத்தபோது, அவை தள்ளாடி மயங்கின.

இதனால் நோயாளிக்குப் பருப்பையும் பாலையும் வெகுகாலம் நிறுத்தி வந்தார்கள். அது பிசகு. ஈரல் செய்யாத வேலையில் ஒரு பங்கைத் தசைகள் செய்கின்றன. பட்டினி அந்தத் தசைகளையே கரைத்துவிடும். புரதத்தைக் குறைப்பதால் பயனில்லை என்பதை 2004-ல் பார்ஸிலோனா வைத்தியர்கள் ஒப்பிட்டுக் காட்டினார்கள்.

மருந்துக்கு வருவோம். 1957-ல் லண்டனில் ஷீலா ஷெர்லாக் அம்மையாரும் சகாக்களும் குடற்கிருமிகளைக் கொல்ல நியோமைஸினைக் கொடுத்துப் பார்த்தார்கள். மயக்கம் தெளிந்தது; ஆனால் நாளாவட்டத்தில் காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் மருந்து அது. 1966-ல் ஸூரிச் நகரத்து வைத்தியர்கள் லாக்டுலோஸ் என்ற சர்க்கரைப் பாகைக் கொண்டுவந்தார்கள். பாலின் சர்க்கரையிலிருந்து செய்வது. சிறுகுடலில் ஜீரணமாகாமல் பெருங்குடலை அடைந்து, அங்கே புளித்து, அம்மோனியாவை ரத்தத்தில் சேரவிடாமல் மலத்தோடு தள்ளும். எந்த மருந்து என்பது நோயாளிக்கும் வைத்தியருக்கும் தெரியாதபடி 1977-ல் அமெரிக்காவில் 33 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாகவே குணம் தந்தன. கெடுதல் குறைந்த பாகு நிலைத்தது.

ஆயினும் 2004-ல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள், பாகின் பலனுக்குப் போதிய ருசுவில்லை என்று எழுதி வைத்திய உலகைத் திடுக்கிட வைத்தார்கள். பதில் நம் தேசத்திலிருந்தும் வந்தது. ஒருமுறை மயங்கித் தெளிந்தவர்களிடம் டில்லி கோவிந்த வல்லப பந்த் ஆஸ்பத்திரியில் நடந்த பரீட்சை 2009-ல் வெளியாயிற்று. பாகு அருந்தாதவர்களில் நூற்றுக்கு 47 பேருக்கு மயக்கம் திரும்ப வந்தது. அருந்தியவர்களில் 20 பேருக்குத்தான். டென்மார்க்காரர்களில் ஒருவரும் சேர்ந்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு, பாகு மரணத்தையும் குறைக்கிறது என்று ஒப்புக்கொண்டது.

இடையில் ரிபாக்ஸிமின் மாத்திரை வந்தது. குடலைவிட்டு ரத்தத்தில் அதிகம் கலவாத கிருமிநாசினி. 2010-ல் 299 பேரிடம் ஆறு மாதம் செய்த பரீட்சையில், மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கும் போலி மாத்திரை பெற்றவர்களில் 46 பேருக்கும் நோய் திரும்பியது. இதைப் படித்துவிட்டு, "இனிப் பாகு எதற்கு?" என்று கேட்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. அந்த இரு கூட்டத்திலும் பத்தில் ஒன்பது பேர் பாகும் அருந்தியவர்களே! டில்லியில் 120 பேரிடம் செய்து 2013-ல் வெளியான பரீட்சையும் அதையே சொல்லுகிறது: பாகு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 51 பேர் முற்றும் தெளிந்தார்கள்; இரண்டும் பெற்றவர்களில் 76 பேர். மாத்திரை பாகின் மேல் ஏறி நிற்கிறதே ஒழிய, அதன் இடத்தைப் பிடிக்கவில்லை. விலையும் அதிகம்.

பாகு செலவு குறைந்ததுதான். ஆனால் வயிற்றை இளக்கும். பாதி வகுப்பில் எழுந்து ஓட வேண்டியிருக்கிறதே என்று வெட்கி, என் நண்பர் ஒருவருக்கும் சொல்லாமல் அதை நிறுத்திவிட்டார். பத்தாம் நாள் பிரக்ஞையின்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். தினம் இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போகும்படி அளவைக் கூட்டியும் குறைத்தும் கொள்ள வேண்டும் என்று டாக்டர் அவருக்கு அப்போது விளக்கினார். மிஞ்சிப் பேதியானால் உடம்பு வற்றி மயக்கம் மறுபடியும் வருமாம். மலச்சிக்கலும் தூக்க மாத்திரையும் அவருக்குச் சத்துருக்கள்.

இப்போது அவர் மனைவி தினம் காலையில் காபிக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டி, ஒரு வரி எழுதச் சொல்லுகிறார். எழுத்துக் கோணினால் அன்றே டாக்டருக்கு ஆள் போகிறது. நேற்று நான் போயிருந்தபோது அந்த நோட்டைப் புரட்டினேன். பழைய முத்தெழுத்து!