கரிஸ்தியாஸ்: கோல் கணக்குக்குள் அடங்காத முன்கள வீரர்

உதைபந்தாட்டத்தில் முன்கள வீரர் ஒருவரின் தகுதி பெரும்பாலும் எண்களாலேயே மதிப்பிடப்படுகின்றது. ஒரு பருவகாலத்தில் எத்தனை கோல்கள், எத்தனை போட்டிகளுக்கு ஒரு கோல் என்ற கணக்கே அவருடைய புகழையும் சந்தை விலையையும் தீர்மானிக்கின்றது. இந்த அளவுகோலை மாத்திரம் வைத்துப் பார்ப்பின், கிரேக்கத்தின் அங்கெலோஸ் கரிஸ்தியாஸ் ஒரு நடுத்தர வீரராகவே கொள்ளப்படுவார். தேசிய அணிக்காக 88 போட்டிகளில் 25 கோல்கள் என்பது மோசமான கணக்கல்ல, ஆயினும் வியக்கத்தக்கதுமல்ல. கழக மட்டத்தில் அவர் பல இடங்களில் மாற்று வீரர்களுக்கான ஆசனத்திலேயே நீண்ட நேரத்தைக் கழித்தவர். எனினும் 2004ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கிண்ணத்தைப் பற்றி எவர் எழுதினாலும் அவருடைய பெயரைத் தவிர்த்து எழுத முடியாது. எண்களுக்கும் வரலாற்றுக்கும் இடையிலான இந்த முரண்பாடு எவ்வாறு தோன்றியது என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

கரிஸ்தியாஸ் 1980ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி வட கிரேக்கத்தின் செரெஸ் பிரதேசத்தில் பிறந்தார். கிரேக்க உதைபந்தாட்டத்தின் பணமும் செல்வாக்கும் பெரும்பாலும் ஏதென்ஸ், பிரேயஸ் நகரங்களின் பெரிய கழகங்களிடமே குவிந்து கிடப்பவை. கரிஸ்தியாஸோ தெசலோனிக்கி நகரின் ஆரிஸ் கழகத்தில் தமது தொழில்முறை வாழ்வை ஆரம்பித்தார். பழம்பெருமை வாய்ந்த கழகமாயினும் ஆரிஸ் கடைசியாகத் தேசிய லீக் கிண்ணத்தை வென்றது 1946இல் ஆகும். இடையில் சிறிது காலம் அதினாயிகோஸ் கழகத்துக்கு இரவல் வீரராகவும் அனுப்பப்பட்டார். 6 அடியைத் தாண்டிய உயரமும், வானில் வரும் பந்தைத் தலையால் முட்டும் ஆற்றலும், சளைக்காத ஓட்டமுமே அவரது மூலதனம். பந்தை வைத்துக்கொண்டு எதிரணியினரை ஒவ்வொருவராகக் கடந்து செல்லும் நுட்பம் அவரிடம் அதிகம் இருக்கவில்லை.

2001ஆம் ஆண்டின் முற்பகுதியில் ரஷ்யாவுக்கு எதிரான சிநேகபூர்வப் போட்டியில் தேசிய அணிக்கு அறிமுகமான அவர், அதிலேயே இரண்டு கோல்களைப் பெற்றார். அதே ஆண்டு ஜேர்மனியரான ஒட்டோ ரெஹாகல் கிரேக்க அணியின் பயிற்றுநராகப் பொறுப்பேற்றார். அவருடைய முதலாவது போட்டியில் கிரேக்கம் பின்லாந்திடம் 1-5 என்ற கோல் கணக்கில் படுதோல்வி அடைந்தது. அடுத்த போட்டி 2001 ஒக்டோபர் 6ஆம் திகதி மன்செஸ்டர் நகரில் இங்கிலாந்துடன் நடைபெற்றது. இறுதித் தருணத்தில் டேவிட் பெக்கம் உதைத்த பிரீ கிக் இங்கிலாந்தை உலகக் கிண்ணத்துக்கு அழைத்துச் சென்றதை உலகமே நினைவில் வைத்திருக்கின்றது. அந்தப் போட்டியின் முதலாவது கோலைப் பெற்று இங்கிலாந்து ரசிகர்களைத் திகைக்க வைத்தவர் 21 வயதான கரிஸ்தியாஸ் என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே. 2-2 என முடிந்த அந்தப் போட்டி, தோல்விக்குப் பழகிப்போன ஓர் அணிக்குக் கிடைத்த முதலாவது நம்பிக்கைக் கீற்று எனலாம்.

அன்றைய கிரேக்க அணியின் நிலைமையை அறிந்தாலன்றி, பின்னர் நிகழ்ந்ததன் பெறுமதியை உணர முடியாது. 1980ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கிண்ணத்தில் அவ்வணி ஒரு போட்டியில்கூட வெற்றி பெறவில்லை. 1994ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் மூன்று போட்டிகளிலும் தோற்று, 10 கோல்களை வாங்கி, ஒரு கோலையேனும் பெறாமல் நாடு திரும்பியது. 2004 வரையிலும் பெரிய சுற்றுப்போட்டி ஒன்றில் ஒரு வெற்றியைத்தானும் கண்டிராத நாடு அது.

ரெஹாகல் இந்த அணியை அலங்காரமாக ஆடும் அணியாக மாற்ற முயலவில்லை. தம்மிடம் இருப்பவர்களுக்கு என்ன முடியும், என்ன முடியாது என்பதை அவர் முதலில் கணக்கிட்டார். எதிரணியின் முன்கள வீரர்களை ஆளுக்கு ஆள் நிழல்போலத் தொடர்வது, அவர்களுக்குப் பின்னால் டெலாஸைக் கடைசிக் காவலராக நிறுத்துவது, நடுக்களத்தில் இடைவெளியை அடைப்பது, கிடைக்கும் ஓரிரு வாய்ப்புகளை உயரமான வீரர்களின் தலைக்கு அனுப்புவது என்பதே அவருடைய திட்டம். இத்திட்டத்தில் கரிஸ்தியாஸ் வழமையான முன்கள வீரரல்லர். பெரும்பாலும் வலதுபுறம் நின்று, எதிரணியின் பின்கள வீரர் முன்னேறும்போது அவரைத் துரத்திப் பின்வாங்கி, தமது அணி பந்தைப் பெற்றதும் மீண்டும் கோல் எல்லைக்கு ஓட வேண்டியவர் அவர். ஒரு போட்டியில் அவரை நாடி வரும் பந்துகள் மிகச் சொற்பம். அவற்றுள் ஒன்றைக் கோலாக்குவதே அவருக்கு விதிக்கப்பட்ட கடமை. ஐரோப்பியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் எட்டுப் போட்டிகளிலும் கிரேக்கம் பெற்றவை மொத்தம் எட்டே கோல்கள். ஆயினும் ஸ்பெயினைப் பின்தள்ளி முதலிடம் பெற அவை போதுமானவையாக இருந்தன.

இதற்கிடையில், 2002இல் ஜேர்மனியின் வேர்டர் பிரேமன் கழகத்தில் இணைந்திருந்தார் கரிஸ்தியாஸ். 2003-2004 பருவகாலத்தில் அக்கழகம் ஜேர்மனிய லீக் பட்டத்தையும் தேசியக் கிண்ணத்தையும் ஒருங்கே வென்றது. ஆனால், அந்த வெற்றியின் நாயகன் 28 கோல்களைப் பெற்ற பிரேசில் வீரர் அயில்டன் ஆவார். கரிஸ்தியாஸ் பெரும்பாலும் மாற்று வீரராகவே களமிறங்கினார். தமது கழகத்தில் முதல் பதினொருவருள் நிலையான இடமில்லாத ஒருவராகவே அவர் அந்த ஜூன் மாதம் போர்த்துக்கலுக்குப் பயணமானார் என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

ஆரம்பப் போட்டியில் கிரேக்கம் போர்த்துக்கலை 2-1 என வென்றது. இரண்டாவது போட்டியில் ஸ்பெயின் முன்னிலை பெற்றிருந்த வேளை, 66ஆவது நிமிடத்தில் சியார்தாஸ் அனுப்பிய நீண்ட பந்தைக் கட்டுப்படுத்திய கரிஸ்தியாஸ், கோல் காப்பாளர் கசியாஸைக் கடந்து அதனைக் கோலாக்கினார். மூன்றாவது போட்டியில் கிரேக்கம் ரஷ்யாவிடம் தோற்றது. ஈற்றில் கிரேக்கமும் ஸ்பெயினும் தலா நான்கு புள்ளிகளுடன் சமநிலை பெற்றன. கோல் வித்தியாசமும் சமமாகவே இருந்தது. அதிக கோல்களைப் பெற்ற அணி என்ற ஒரே காரணத்தினால் கிரேக்கம் காலிறுதிக்குச் சென்றது. அதாவது, ஸ்பெயினுக்கு எதிரான அந்த ஒரு கோல் இல்லாதிருப்பின் கிரேக்கத்தின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

காலிறுதியில் எதிர்கொண்டது நடப்புச் சம்பியனான பிரான்ஸ். 65ஆவது நிமிடத்தில் அணித் தலைவர் ஸகோராக்கிஸ் வலதுபுறத்தில் லிசராசுவை ஏமாற்றி அனுப்பிய பந்தைத் தலையால் முட்டிக் கோலாக்கினார் கரிஸ்தியாஸ். அரையிறுதியில் செக் குடியரசை வீழ்த்தியது டெலாஸின் தலை. ஜூலை 4ஆம் திகதி லிஸ்பன் நகரில் மீண்டும் போர்த்துக்கல். 57ஆவது நிமிடத்தில் பசினாஸ் உதைத்த கோணர் உதைக்கு, கோல் காப்பாளர் ரிகார்டோ வெளியேறி வந்த கணத்தில் அனைவருக்கும் மேலாக எழும்பி, பந்தை வலைக்குள் முட்டினார் கரிஸ்தியாஸ். காலிறுதி, அரையிறுதி, இறுதிப் போட்டி ஆகிய மூன்றிலும் 1-0 என்ற வெற்றி. மூன்றும் தலையால் பெறப்பட்ட கோல்கள். இரண்டு மாத காலத்துக்குள் லீக் பட்டம், தேசியக் கிண்ணம், ஐரோப்பியக் கிண்ணம் ஆகிய மூன்றுக்கும் உரியவரானார் 24 வயதான அவ்வீரர்.

கிரேக்கத்தின் ஆட்டம் அழகற்றது, உதைபந்தாட்டத்துக்கே எதிரானது என்று அன்று பலர் குறைகூறினர். இக்குற்றச்சாட்டை நாம் முற்றாக நிராகரிக்கவில்லை. ரசிகன் ஒருவன் கோல்களையும் நுட்பத்தையும் எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால், செல்வந்தக் கழகங்களில் வளர்ந்த நட்சத்திரங்களை எதிர்கொள்ளும் சிறிய அணியொன்று அவர்களைப் போலவே ஆட வேண்டுமென்று கோருவது, தோல்வியை அழகாகத் தழுவுங்கள் என்று உபதேசிப்பதற்கு ஒப்பானதாகும். கரிஸ்தியாஸ் பெற்ற மூன்று கோல்களும் அதிர்ஷ்டத்தின் கொடையல்ல. பத்துப் பேர் எதிரணியைத் தடுத்து நிறுத்தியதாலேயே ஒரு கோல் போதுமானதாயிற்று. அந்த ஒரு கோலைப் பெறும் ஒருவர் இருந்தமையினாலேயே ஏனையோரின் உழைப்பும் வீணாகவில்லை.

இனி, அந்தப் புகழ் அவருக்கு எதைக் கொடுத்தது என்பதைப் பார்ப்போம். ஐரோப்பாவின் வீரனாகப் பிரேமன் திரும்பிய அவரை வரவேற்றது புதியதொரு போட்டியாளர். அயில்டன் விலகிச் சென்ற இடத்துக்கு மிரோஸ்லாவ் குளோஸ கொண்டுவரப்பட்டிருந்தார். 2005 ஜனவரியில் கரிஸ்தியாஸ் நெதர்லாந்தின் அயாக்ஸ் கழகத்துக்கு மாறினார். அங்கு 2006இல் தேசியக் கிண்ணத்தை வென்ற அணியில் இருந்தபோதிலும், அவ்வாண்டின் ஆரம்பத்தில் வந்து சேர்ந்த ஹுன்டெலாரின் கோல் மழை அவரைப் பின்தள்ளியது. பின்னர் அயாக்ஸின் பரம வைரியான பேயனூர்ட்டுக்குச் சென்று, அதன் ரசிகர்களின் சந்தேகப் பார்வையையும் எதிர்கொண்டார். 2007இல் இணைந்த நூரன்பேர்க் கழகம் அடுத்த ஆண்டிலேயே இரண்டாம் பிரிவுக்குத் தரமிறங்கியது. லேவர்குசனில் இரவல் வீரராகவும், பிரான்ஸின் ஆர்ள்-அவிஞோனிலும், ஷால்கேயிலும் குறுகிய காலங்கள். பின்னர் தாயகம் திரும்பிப் பனெதோலிகோஸ் கழகத்துக்காக ஆடினார். 2013இல் அவருடைய ஆட்டக்காலம் நிறைவுற்றது.

இதே காலப்பகுதியில் தேசிய அணியும் பழைய இடத்துக்குத் திரும்பியது போலவே தோன்றியது. 2005இல் கொன்பெடரேஷன் கிண்ணத்தில் மூன்று போட்டிகளிலும் அதற்கு ஒரு கோல்கூடக் கிட்டவில்லை. 2006 உலகக் கிண்ணத்துக்கு அது தகுதி பெறவுமில்லை. 2008ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கிண்ணத்தில் நடப்புச் சம்பியன் மூன்று போட்டிகளிலும் தோற்றது. அச்சுற்றுப்போட்டியில் கிரேக்கம் பெற்ற ஒரேயொரு கோல், பின்னர் கிண்ணத்தை வென்ற ஸ்பெயினுக்கு எதிராகப் பெறப்பட்டதாகும். அதைப் பெற்றவரும் கரிஸ்தியாஸே. வெற்றியின்போது அவருடைய பெயர் எல்லோர் வாயிலும் இருந்தது. தோல்வியின்போது பெற்ற அந்தக் கோலை எவரும் கொண்டாடவில்லை. 2010 உலகக் கிண்ணக் குழாத்திலும் அவர் இடம்பெற்றார். சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலகியபோது, 29 கோல்களைப் பெற்றிருந்த நிகோஸ் அனஸ்தோபுலோஸுக்கு அடுத்த இடத்தில் அவரது பெயர் பொறிக்கப்பட்டிருந்தது.

ஒரு கணத்தின் வீரர் என்று அவரைச் சுருக்கிக் கூறுவோர் உளர். அது பாதி உண்மை மாத்திரமே. மன்செஸ்டரில் 2001இலும் போர்த்துக்கலில் 2004இலும் ஸ்பெயினுக்கு எதிராக 2008இலும் கோல் பெற்றவர் ஒரே மனிதர். அவரது ஆற்றலும் ஒன்றே. மாறியவை அவரைச் சூழ்ந்திருந்த அணியும் அவருக்கு வழங்கப்பட்ட பணியுமேயாகும். தமது இயல்புக்கு ஏற்ற பணி அமைந்த இடத்தில் அவர் வரலாறு படைத்தார். இன்னொருவருக்காக வகுக்கப்பட்ட திட்டங்களில் அவர் மாற்று வீரரானார். திறமை என்பது தனிமனிதனிடம் மட்டும் தங்கியிருப்பதன்று, அதை இனங்கண்டு உரிய இடத்தில் நிறுத்தும் தலைமையிலும் தங்கியிருக்கின்றது என்பதையே அவரது வாழ்வு உணர்த்துகின்றது. ஒரு வீரரைக் கோல்களின் எண்ணிக்கையால் எடைபோடுவதற்கு முன்னர், அவருக்கு எந்தப் பணி ஒப்படைக்கப்பட்டது என்று கேட்பதே நீதியாகும்.