துளசிக்கு மயங்கும் பழ ஈ

வீட்டில் துளசிச் செடி இருந்தால், காலையில் சில இலைகளைக் கசக்கி வைத்துப் பாருங்கள். சிறு குளவி போன்ற ஈ ஒன்று வந்து அதை நக்கலாம். அது ஆண் பழ ஈ.

அதன் பெண்ணிடம்தான் தோட்டக்காரர்களுக்குப் பயம். மாங்காய், கொய்யா, நட்சத்திரப் பழம் எதுவானாலும் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிட்டுவிடும். பிறகு புழு சதையைத் தின்னும். பழம் அழுகி விழும். மேலே தெளிக்கும் பூச்சிமருந்து உள்ளிருக்கும் புழுவை எட்டுவதில்லை. அதனால்தான் நட்சத்திரப் பழத் தோட்டங்களில் பிஞ்சுகளுக்கு ஒவ்வொன்றாக உறை மாட்டுகிறார்கள்.

ஆண் ஈக்கு ஏன் துளசி ஆசை? இலையில் மெத்தில் யூஜினால் என்ற மணப்பொருள் இருக்கிறது. இந்த ஈர்ப்பின் கதை 1912இல் பீகாரின் பூசாவில் தொடங்குகிறது. கொசுவை விரட்டப் பக்கத்து வீட்டுக்காரர் பூசிய சிட்ரோனெல்லா எண்ணெயைப் பழ ஈக்கள் தேடி வந்ததைப் பூச்சியியலாளர் ஹவ்லெட் பதிவு செய்தார்.

நம் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் தான் கெங் ஹோங் துளசிச் சாற்றையே பழ ஈக்களிடம் சோதித்துப் பார்த்தார். ஆய்வுக் கட்டுரை 1983இல் வெளிவந்தது. 1988இல் அவரும் ஜப்பானின் ரிட்சுவோ நிஷிடா குழுவினரும் இன்னொன்றைக் காட்டினர். ஈ தின்ற மணப்பொருள் வீணாவதில்லை. உருமாறி, அதன் குடற்கடைச் சுரப்பியில் சேர்கிறது. அந்தி வேளையில் அதை வெளியிட்டுத்தான் ஆண் ஈ பெண்ணை அழைக்கிறது. தின்ற ஆணுக்கே இணை சேர வாய்ப்பும் அதிகம். பல்லிகூட அத்தகைய ஈயைத் தின்னத் தயங்குவதாக 2001இல் வெளிவந்த பினாங்கு ஆய்வு ஒன்று கூறுகிறது. ஒரே உணவு, காதலுக்கும் கவசத்துக்கும்!

இந்தப் பலவீனத்தையே பொறியாக்கலாம். மெத்தில் யூஜினாலுடன் பூச்சிமருந்தைக் கலந்து அட்டைத் துண்டுகளில் ஊறவைத்து, 1960களில் பசிபிக்கின் ரோட்டா தீவில் பழ ஈயை அடியோடு ஒழித்தார்கள். 1998இல் பழ ஈ ஆய்வாளர்களின் ஐந்தாம் அனைத்துலகக் கருத்தரங்கு பினாங்கிலேயே நடந்தது.

அப்படியானால் நம் ஊரில் ஏன் ஒழியவில்லை? பொறியில் விழுவது ஆண்தான். ஓர் ஆண் பல பெண்களுடன் சேரும். ஆகவே நூற்றில் சில தப்பினாலும் போதும். தனித் தீவில் சாத்தியமானது இங்கே கடினம்: பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் கம்பத்து மரங்களிலிருந்தும் புதிய ஈக்கள் வந்துகொண்டே இருக்கும். பிஞ்சுக்கு உறை மாட்டும் வேலை இன்னும் ஓயவில்லை.