வெயிலும் கறவையும்

வைகைச் சமவெளியில் கோடைவெயில் 40 பாகை செல்சியசைத் தொடுவது வழக்கம். மதுரை வட்டாரத்துக்குரிய புலிக்குளம் மாடுகள் திறந்தவெளிக் கிடைகளில் வளர்ந்து அவ்வெப்பத்துக்குப் பழகியவை. ஆயினும் அவை தரும் பால் சிறிதளவே. மிகுதியாகப் பால் சுரக்கும் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினப் பசுக்களோ குளிர்நாட்டு மரபு கலந்தவை. பால்பண்ணையின் வருவாய் இவற்றையே நம்பியிருப்பதால், இவற்றை வெப்பத்திலிருந்து காப்பது இன்றியமையாததாகிறது.

பசுவின் முதல் இரைப்பையில் தீவனம் நொதிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. வெளிவெப்பமும் அதனோடு சேருமாயின் பசு மூச்சிரைக்கும். வாயில் எச்சில் ஒழுகும். படுத்து அசைபோடாமல் நின்றுகொண்டேயிருக்கும். உண்பது குறையும், பாலும் குறையும், சினைப்பிடிப்பும் தவறும். எனவே, உலர்தீவனத்தை விடியற்காலையிலும் அந்தியிலும் இடுதல் நன்று. கொட்டில் கிழக்கு மேற்காக நீண்டிருந்தால் உள்ளே வெயில் குறையும். கூரைமேல் பரப்பிய தென்னங்கீற்றும் அருகே வளர்த்த வேம்பும் வெப்பம் தணிக்கும். பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீரே. ஆதலால், தொட்டியில் தூய நீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும்.

கறந்தபின் காம்புத்துளை மூடிக்கொள்ள ஏறத்தாழ அரைமணி நேரமாகும். அதற்குள் பசு ஈரத்தரையில் படுத்தால் கிருமிகள் புகுந்து மடிநோய் தோன்றக்கூடும். கறந்தவுடன் பசுந்தீவனம் இட்டால் பசு நின்று தின்னும், துளையும் மூடிக்கொள்ளும். தனிச்செலவு ஏதுமில்லாத இச்சிறுசெயல் மடியைக் காக்கிறது. அம்மடியை நம்பிய குடும்பத்தையும் காக்கிறது.