தூக்கணாங்குருவியின் பாதிக் கூடு

தமிழ் பயில்வார்க்குத் தூக்கணாங்குருவி புதிய பறவை அன்று. சோழன் நலங்கிள்ளி மறைந்த பின்னர் ஆலத்தூர் கிழார் பாடிய புறநானூற்றுப் பாடலில் (225), ஒருபுறமாகத் தொங்கவிடப்பட்ட வலம்புரிச் சங்குக்கு இக்குருவியின் கூடு உவமை ஆகின்றது. வயிறு பருத்து வாய் திருகிய சங்கினையும், மேலே பருத்துக் கீழே குழலாய் நீளும் கூட்டினையும் ஒருங்கே கண்ட கண்ணுக்கன்றி இவ்வுவமை தோன்றாது. குறுந்தொகையில் (374) உறையூர்ப் பல்காயனார், நெடும் பனையில் தொங்கும் கூட்டின் பின்னலை ஊராரின் மயக்கத்துக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டார். ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்றும் இக்கூட்டினைப் போற்றுவதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

இவ்வளவு பாடப்பட்ட கூட்டினைக் கட்டுவது ஆணா, பெடையா, இரண்டுமா? யாருக்காகக் கட்டுகின்றது? ஒரே மரத்தில் முழுக் கூடுகளோடு பாதியில் நின்ற கூடுகளும் தொங்குவது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை சொல்வது புலவர் கடன் அன்று. 1930-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் வேலையிழந்து நின்ற ஒருவர் நாள்தோறும் உட்கார்ந்து பார்த்து அவ்விடையைக் கண்டார். அவர் கண்டதையும், அதனை நம் மாணவர் தம் ஊரிலேயே சரிபார்க்க இயலும் என்பதையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேற்காடும் குருவியும்

நம் கல்லூரிக்குத் திருவேற்காட்டிலிருந்தும் அதனைச் சூழ்ந்த பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளிலிருந்தும் மாணவர் பலர் வருகின்றனர். வேல மரங்கள் மிக்க காடு ஆதலின் வேற்காடு எனப் பெயர் பெற்றது என்பர். அவ்வூர்ச் சிவன் கோயிலின் தலமரமும் வெள்வேலமே. ஊர்ப்பெயர் ஆய்வோர் இத்துடன் நிறுத்திக்கொள்வர். பறவை நூலாரோ இன்னும் ஒரு செய்தியைச் சேர்ப்பர். தூக்கணாங்குருவி கூடு கட்ட விரும்பும் இடங்கள் மூன்று: முள் மரம், பனை போன்ற நெடுமரம், நீரின்மேல் அல்லது கிணற்றின்மேல் தாழ்ந்து நிற்கும் கிளை. முள்ளும் உயரமும் நீரும் பாம்பு முதலிய பகைகளுக்குத் தடையாகும். வேலங்காடும், கூவம் ஆற்றங்கரையும், வயல் வரப்புப் பனைகளும், ஏற்றக் கிணறுகளும் ஒருங்கே அமைந்திருந்த ஊர் இக்குருவிக்கு எத்தகைய ஊராக இருந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் ஒருவர், காற்றில் விழுந்து கிடந்ததாகக் கூறிக் கூடு ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். அது பாதிக் கூடு. கீழ்ப்புறம் முழுதும் திறந்திருந்தது. நடுவே குறுக்காக ஒரு தடித்த பட்டை மட்டும் ஓடியது. கவிழ்த்து வைத்தால் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அணியும் தலைக்கவசம் போலவும், அப்பட்டை அதன் தாடை வார் போலவும் இருந்தது. பறவை நூலாரும் இதனைத் தலைக்கவச நிலை என்றே வழங்குகின்றனர். "ஐயா, இது குருவி ஆடும் ஊஞ்சல் என்று எங்கள் பாட்டி சொல்வார்" என்றார் அம்மாணவர். பாட்டி மட்டும் அன்று. பெடை அடைகாக்கும்போது ஆண் அருகிருந்து பாடி மகிழ்விக்கக் கட்டிக்கொண்ட இருக்கை இது என்று சென்ற நூற்றாண்டுகளின் ஆங்கில நூல்களிலும் எழுதப்பட்டது. கேட்க இனிமையான விளக்கந்தான்!

கிஹிம் கடற்கரையில்

சாலிம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் மும்பையில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்து, மாமா அமீருத்தீன் தயாப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். சிறுவராக இருந்தபோது தாம் சுட்டு வீழ்த்திய சிட்டு ஒன்றின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருக்கக் கண்டு, இதனை உண்ணுதல் ஹலால்தானா என்று ஐயுற்று மாமாவிடம் கொண்டு சென்றார். மாமாவுக்கும் அது என்ன பறவை என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு அதனை மஞ்சள்தொண்டைச் சிட்டு என இனங்காட்டியதோடு, பாடம் செய்யப்பட்ட பறவைகள் நிறைந்த அறைகளையும் திறந்து காட்டினார். உணவு பற்றிய மார்க்க ஐயம் ஒன்று இந்தியப் பறவையியலின் வாயிலைத் திறந்தது என்பதை நம் சமுதாயப் பெரியோர் அறிந்திருப்பது நன்று.

அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் அல்லர்; பின்னாளில் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் முதலியவை மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கின. மும்பை அருங்காட்சியகத்தில் விளக்குநராகப் பணியாற்றிய அவர், விடுப்பில் பெர்லின் சென்று எர்வின் ஸ்ட்ரெஸ்மான் என்னும் பேரறிஞரிடம் பயின்று 1930-இல் திரும்பினார். திரும்பியபோது நிதிக் குறைவால் அப்பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. வேறு வழியின்றி மனைவி தெஹ்மினாவுடன் அலிபாக்கை அடுத்த கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் குடியேறினார். வீட்டருகே தூக்கணாங்குருவிக் குடியிருப்பு ஒன்று இருந்தது. மழைக்காலம் முழுதும் மறைவிடத்தில் அமர்ந்து ஒவ்வொரு கூட்டிலும் நிகழ்வதைக் குறித்துக்கொண்டே வந்தார். ஆய்வுக்கூடமும் நிதி உதவியும் இல்லாத ஆய்வு அது. அதன் முடிவு 1931-இல் அக்கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது.

கூட்டின் கணக்கு

அவர் கண்டது இது. பருவம் தொடங்கியதும் முதலில் ஆண்கள் மட்டும் மரத்துக்கு வந்து சேரும். தலையில் மஞ்சள் நிறம் ஏறிய ஆண், நெல் முதலியவற்றின் இலையோரத்தைக் கவ்வி, பறந்தபடியே நாராகக் கிழித்தெடுத்துக் கொண்டுவந்து கிளையில் முடிச்சிடும். முடிச்சிலிருந்து வளையம், வளையத்திலிருந்து தலைக்கவசம் என வேலை வளரும். ஒரு கூட்டுக்கு 500 முறை வரை நார் சுமந்து பறக்க வேண்டியிருக்கும். இந்நிலை வரை பெடைக்கு இதில் பங்கில்லை. கூடுகள் பாதி முடிந்து தொங்கும் வேளையில் பெடைகள் கூட்டமாக வந்து இறங்கும். ஆண்கள் சிறகடித்துக் கூச்சலிட்டு அழைக்க, பெடை ஒவ்வொரு கூடாக நுழைந்து பார்க்கும். பிடித்தால் அங்கேயே தங்கும்; பிடிக்காவிடில் அடுத்த கூட்டுக்குப் போய்விடும்.

பெடை ஏற்றுக்கொண்ட பின்னரே ஆண் கூட்டின் மறுபாதியைக் கட்டுகின்றது. குறுக்குப் பட்டையின் ஒருபுறம் முட்டை அறையாக மூடப்படும். மறுபுறம் கீழ்நோக்கி நுழைகுழலாக நீளும். அப்பட்டையே அறைக்கு வாயிற்படியாக நின்று, காற்றில் கூடு ஆடும்போது முட்டை உருண்டு விழாமல் தடுக்கும். பெடை உள்ளே மெத்தை அமைத்து, 2 முதல் 4 வரை வெண்ணிற முட்டையிட்டு, இரு வாரத்துக்கும் சற்று மேலாகத் தனியே அடைகாக்கும். ஆணோ அதற்குள் அருகிலேயே அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும்; அக்கூடும் பாதி வளர்ந்ததும் வேறொரு பெடையை எதிர்பார்க்கும். இவ்வாறு ஒரே பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பெடைகளோடு குடும்பம் நடத்துவதும் உண்டு.

ஆகவே, பாதிக் கூடு என்பது ஊஞ்சலும் அன்று, பாட்டு மேடையும் அன்று. எந்தப் பெடையும் ஏற்காமல் விட்ட கூடு அது. கணவனும் மனைவியும் கூடிக் கட்டிய இன்ப இல்லம் என்று நாம் மேடைகளில் சொல்லிவரும் உவமை இதனால் சற்று ஆட்டம் காண்கின்றது. சொற்பொழிவாளர் வேறு பறவையைத் தேடிக்கொள்ளலாம்.

கூட்டின் உட்சுவரில் ஈரக் களிமண் அப்பியிருப்பதை நாட்டுப்புறத்தார் கவனித்துள்ளனர். அதில் மின்மினியைப் பதித்துக் குருவி விளக்கேற்றும் என்பது தமிழகத்தில் மட்டுமன்றி வட இந்தியாவிலும் வழங்கும் கதை. மண் இருப்பது மெய், விளக்குக்குச் சான்றில்லை. ஆண் தலைக்கவச நிலையிலேயே, பெடை வருவதற்கு முன்னரே மண்ணை அப்புகின்றது. எடை குறைந்த கூட்டைக் காற்றில் நிலைப்படுத்த அது உதவும் என்பது ஒரு கருத்து.

பெடை எதைக் கண்டு கூட்டைத் தேர்கின்றது? வேலைப்பாட்டை என்றே எவரும் எண்ணுவர். சுஹேல் காதர் என்னும் இந்திய ஆய்வாளர் இதனை அளந்து பார்த்து 2006-இல் வெளியிட்ட முடிவு வேறு. கூட்டின் அமைப்பைவிட அது தொங்கும் இடத்துக்கே பெடை மிகுதியும் மதிப்பளிக்கின்றது. திறமையாக நெய்தும் தவறான கிளையில் நெய்த ஆணுக்குப் பெடை கிட்டுவது அரிது. நெசவும் பிறவியிலேயே முழுமையாக அமைவதன்று. இதற்கு உறவான ஆப்பிரிக்க நெசவுக்குருவியை வளர்த்து ஆராய்ந்த கொலியாஸ் இணையர், இளமையில் நார் கிடைக்காது வளர்ந்த ஆண்கள் பின்னர் நன்கு நெய்ய இயலாமற் போனதைக் காட்டினர்.

பறவையின் குடும்ப வாழ்வைப் பொறுமையோடு குறிக்கும் வழக்கம் நம் நாட்டில் மேலை நாட்டாரால் வந்தது என்று எண்ணிவிடலாகாது. மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர், தாம் வளர்த்த சாரஸ் கொக்கு இணை முட்டையிட்டதையும், ஆணும் பெண்ணும் முறைமாற்றி அடைகாத்ததையும், குஞ்சு பொரிக்க ஆன நாள்களையும் தம் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தார். மொகலாய மன்னரின் இயற்கை ஆர்வம் பற்றிச் சாலிம் அலியே கட்டுரைத் தொடர் எழுதியிருக்கிறார். நம் குறுந்தொகையிலும் (85) வடம வண்ணக்கன் தாமோதரனார், கருவுற்ற பெடைக்கு ஈனும் இல் அமைக்க ஆண் ஊர்க்குருவி கரும்பின் பூவைக் கோதி எடுப்பதைப் பாடினார். ஊர்க்குருவியில் ஆண் கூடு கட்டுவதில் பங்கேற்பது உண்மையே. ஆயின், அதே ஊர்க்குருவியைப் பற்றிச் சாலிம் அலி சிறுவராக 1906-07-இல் எழுதிய குறிப்பு ஒன்றுண்டு. கூட்டு வாயிலில் காவலிருந்த ஆணை அவர் சுட்டபோது, பெடைக்கு உடனே வேறோர் ஆண் துணையாக வந்தது. ஏழு நாளில் எட்டு ஆண்கள் இவ்வாறு மாறின. செய்த செயல் நமக்கு உவப்பன்று, குறிப்பு துல்லியமானது. தலைவனின் பரத்தமையைக் கடியும் தோழிக்கு ஆண்குருவி உவமையாகலாம். பறவையின் ஒழுக்கத்துக்குப் பாட்டு சான்றாகாது. இலக்கியம் கற்பிப்போர் இவ்விரண்டையும் குழப்பாதிருத்தல் வேண்டும்.

நம் பக்கத்தில்

திருவேற்காட்டைச் சுற்றியிருந்த வயல்களில் பெரும்பகுதி இன்று மனைப்பிரிவுகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறிவிட்டது. கிணறுகள் தூர்க்கப்பட்டன. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. நல்ல அறிவிப்பு. ஆனால், மேலே கூறிய ஆய்வுகளோடு சேர்த்து எண்ணினால் அது மட்டும் போதாது என்பது விளங்கும். பனை நிற்கலாம், பக்கத்தில் நெல்லோ நெடும்புல்லோ இல்லையெனில் 500 முறை நார் சுமக்க இயலாது. நார் கிடைத்தாலும், குஞ்சுக்கு ஊட்டப் பூச்சியில்லையெனில் பயனில்லை. மரம், நார், இரை மூன்றும் குருவி பறக்கும் எல்லைக்குள் அமைய வேண்டும். அயனம்பாக்கம், பருத்திப்பட்டு போன்ற ஏரிகளின் கரைப்புல்லைக் களை என்று முற்றும் அகற்றிக் கல் பதித்துவிட்டால், கரையில் எத்தனை பனங்கன்று நட்டாலும் கூடு தொங்காது. பூங்காக்களைத் திட்டமிடுவோர் இதனைக் கருதல் வேண்டும்.

மாணவர் செய்யத்தக்கது கடினமானதன்று. தென்மேற்குப் பருவமழை தொடங்கியது முதல், தம் தெருவுக்கு அருகில் கூடுள்ள மரம் ஒன்றைத் தேர்ந்துகொள்க. மரத்தின் பெயர், அடியில் நீருண்டா என்பது, மின்கம்பி எவ்வளவு அருகில் உள்ளது என்பனவற்றை முதல் நாளில் எழுதுக. பின்னர் வாரம் இருமுறை, காலை வேளையில், முழுக் கூடு எத்தனை, தலைக்கவச நிலையில் எத்தனை, வளையமாக நிற்பன எத்தனை என எண்ணுக. கூடுகள் மரத்தின் எத்திசையில் மிகுதி என்பதையும் குறிக்க. மழைக்காற்றுக்கு மறைவாகக் கிழக்குப் பக்கத்தில் மிகுதி என்று சில ஆய்வுகள் கூறும், எங்கும் அவ்வாறில்லை என்று வேறு சில மறுக்கும். பச்சை நாரில் கட்டிய கூடு புதியது. வைக்கோல் நிறமாகிவிட்டது பழையது. பழைய கூட்டில் சிறு பறவை நுழைந்தால், தூக்கணாங்குருவி என்று உடனே எழுதிவிடலாகாது. தினைக்குருவி அத்தகைய கூடுகளில் குடியேறுவது உண்டு.

கூட்டைத் தொடுதலும், படம் எடுக்கக் கிளையை வளைத்தலும் கூடா. முட்டையையும் கூட்டையும் குலைத்தல் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாகவே கொள்ளப்படும். விழுந்த கூட்டை எடுப்பதானாலும் பருவம் முடிந்து அதில் உயிரில்லை என்பது உறுதியான பின்னரே எடுக்க வேண்டும். குறிப்பேட்டில் நாள், நேரம், மழையுண்டா இல்லையா என்பனவற்றை அவ்விடத்திலேயே எழுதுக. வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதிய எண் ஆய்வுக்கு உதவாது. பருவ முடிவில் பாதியிலேயே நின்றுபோன கூடுகளைத் தனியே எண்ணி, அவை தொங்கிய கிளைகளைப் பெடைகள் ஏற்ற கிளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க. அக்குறிப்புகளைக் கொணர்வோர்க்கு நம் துறையின் அடுத்த மலரில் இடம் உண்டு.