விசாவை வாசித்தீர்களா?



வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் முன் பாஸ்போர்ட்டையும் விசாவையும் கோவிலில் மந்திரித்து வாங்கிச் செல்வது நம் பங்குகள் பலவற்றில் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் 'விசா வந்துவிட்டது' என்ற மகிழ்ச்சியில், அது என்ன விசா என்று கேட்க மறந்துவிடுகிறோம். போகிற மகன் அங்கே உரிமையுள்ள தொழிலாளியாக வாழ்வானா, ஒளிந்து வாழ்வானா என்பது பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

வேலை விசா என்பது என்ன?

வளைகுடா நாடுகளில் ஒரு முதலாளி வெளிநாட்டவரை வேலைக்கு அமர்த்த அந்த நாட்டு அரசின் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதியின் பேரில் கிடைப்பதே வேலை விசா. போய்ச் சேர்ந்தபின் குடியிருப்பு அட்டையையும் முதலாளியே எடுத்துத் தர வேண்டும். சவூதியில் அதை 'இக்காமா' என்பார்கள்.

விசிட் விசாவில் போகிறவர் அந்த நாட்டுக்கு விருந்தாளி மட்டுமே. அவர் வேலை செய்வது குற்றம். 'போன பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்பது ஏஜென்டுகளின் வழக்கமான பேச்சு. மாற்றித் தராவிட்டால் என்ன ஆகும்? நாள் முடிந்து அபராதம் ஏறும். சம்பளம் கிடைக்காவிட்டாலும் புகார் செய்ய முடியாது. புகார் செய்பவரே முதலில் பிடிபடுவார். 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற இந்தியர்கள், தமிழ் இளைஞர்கள் உட்பட, மியான்மருக்குக் கடத்தப்பட்டு இணைய மோசடி வேலையில் அடைக்கப்பட்டதை மறக்க முடியுமா?

நம் அரசின் பாதுகாப்பு

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக 'ஈ.சி.ஆர்.' என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி பெற வேண்டும். அப்போது வேலை ஒப்பந்தம் சரிபார்க்கப்படும். காப்பீடும் கட்டாயம், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமடைந்தாலோ 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

விசிட் விசாவில் அனுப்பினால் இந்த அனுமதி தேவைப்படாது. சில ஏஜென்டுகள் அதை விரும்புவதன் காரணம் புரிகிறதா? ஒப்பந்தத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், காப்பீடும் இராது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்குப் பொதுவாக இந்த அனுமதி தேவையில்லை. எனவே அவர்களுடைய ஒப்பந்தத்தை அவர்களே கவனமாகப் பார்க்க வேண்டும்.

பணம் கொடுக்கும் முன்

ஏஜென்டுக்கு மத்திய அரசின் உரிமம் உண்டா என்று 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பாருங்கள். உரிமம் பெற்றவர் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான் கட்டணமாக வாங்கலாம். ரசீதும் தர வேண்டும். லட்சங்கள் கேட்பவரை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், திரும்பி வரும் டிக்கெட் ஆகியவை எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலையும் வீட்டில் வையுங்கள். கொரோனா காலத்தில் ஈரானில் சிக்கியவர்களை, நம் கடலோர மீனவர்கள் பலர் உட்பட, 2020 ஜூலை 1 அன்று கடற்படைக் கப்பல் தூத்துக்குடிக்கு அழைத்து வந்தது. அத்தகைய ஆபத்தில் அதிகாரிகள் குடும்பத்தாரிடம் கேட்பது பாஸ்போர்ட் எண்ணைத்தான். நகல் இல்லாத வீட்டில் தாய் என்ன சொல்வாள்?

திருக்குடும்பமும் எகிப்தில் அந்நியராய் வாழ்ந்தது. கூலிக்காரர் அந்நியரானாலும் அவருக்குரிய கூலியை அன்றே கொடுக்கும்படி இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது. அந்நிய நாட்டில் உழைப்பவரின் கூலியும் மாண்பும் இறைவனுக்கு அவ்வளவு முக்கியம். அவற்றைக் காப்பதில் நமக்கும் பங்கு உண்டு. உங்கள் தெருவில் யாராவது புறப்படுகிறார்களா? வாழ்த்தி அனுப்புங்கள். அதற்கு முன் அந்த விசாவை அவரோடு அமர்ந்து ஒருமுறை வாசியுங்கள். ஆங்கிலமோ அரபியோ தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மந்திரிக்கக் கொண்டுவரும்போது பங்குத்தந்தையிடமும் காட்டலாம்.